உரக்கூடத்தை ஒப்பந்தத்தில் எடுக்கும் முன்

கேள்வி இதுதான். ஒரு பேரூராட்சியில் தினமும் நாலரை டன்னிலிருந்து ஆறு டன் வரை மக்கும் குப்பை சேர்கிறது. அதற்கான உரக்கூடத்தை ஒப்பந்தத்தில் எடுத்து நடத்தலாமா என்று நண்பர்கள் நாலு பேர் யோசிக்கிறார்கள். இடம் ஒன்றே கால் ஏக்கர். பழைய சிமெண்ட் தளம் பாதி உடைந்து கிடக்கிறது, கூரை இல்லை. "என்னென்ன விதிகள் உண்டு? எதை மீறினால் மூடச் சொல்வார்கள்?" என்று கேட்டு எழுதியிருக்கிறார் அவர்களில் ஒரு தம்பி.

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நான் பார்த்தவரை உரக்கூடத்தை மூட வைப்பது அதிகாரிகள் அல்ல, பக்கத்துத் தெரு. நாற்றமும் ஈயும் வந்ததும் நாலு பெண்கள் வந்து வண்டியை மறிப்பார்கள். மறுநாள் கவுன்சிலர் வருவார். அதற்கும் மறுநாள்தான் அதிகாரி விதிப் புத்தகத்தைப் புரட்டுவார். புரட்டினால் நீங்கள் மீறிய விதி ஒன்று கட்டாயம் அதில் இருக்கும், ஏனென்றால் நாற்றம் வராமல் இருக்க என்ன செய்ய வேண்டுமோ அதைத்தான் அந்த விதிகளில் முக்கால்வாசி சொல்கின்றன. அதனால் விதிகளை அனுமதிக் காகிதமாக மட்டும் பார்க்காமல் வேலை முறையாகப் படியுங்கள்.

காகிதத்தை முதலில் முடித்துவிடலாம். 1996-ல் அல்மித்ரா படேல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கின் பின்னணியில் 2000-ல் நகராட்சித் திடக்கழிவுக்கென்று ஒரு விதித்தொகுப்பு வந்தது. 2016-ல் அதற்குப் பதிலாக திடக்கழிவு மேலாண்மை விதிகள் வந்தன. நாட்டில் இன்று ஓடும் பெரும்பாலான உரக்கூடங்கள் அந்த 2016 விதிகளின் இரண்டாம் அட்டவணையைப் பார்த்து வடிவமைக்கப்பட்டவை, கீழே வெறுமனே 'விதி' என்று நான் சொல்வதும் அவற்றைத்தான். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய விதிகள் நடைமுறைக்கு வந்துள்ளன. குப்பையை வீட்டிலேயே நாலாகப் பிரிக்க வேண்டும் என்கின்றன அவை: ஈரக் குப்பை, உலர் குப்பை, நாப்கின் டயாபர் போன்ற சுகாதாரக் கழிவு, பேட்டரி பெயிண்ட் டப்பா காலாவதி மாத்திரை போன்ற தனிக் கவனம் தேவைப்படும் கழிவு. உங்கள் ஒப்பந்தத்தில் எந்த விதித்தொகுப்பின் பெயர் போட்டிருக்கிறது என்று பாருங்கள். பழைய நகலில் பெயரைக்கூட மாற்றாமல் கையெழுத்துக்கு நீட்டுவார்கள்.

2016 விதிகளில் 5 டன் என்ற எல்லை அடிக்கடி வரும். நாளொன்றுக்கு 5 டன்னுக்கு மேல் கையாளும் இடத்துக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அங்கீகாரம் வேண்டும் என்றன அவை. அந்த அளவுக்கு மேற்பட்ட கூடத்தைச் சுற்றி வளர்ச்சிப் பணி கூடாத இடைவெளி மண்டலமும் விட வேண்டும் என்றன. இதனால்தான் நம் ஊரில் பல கூடங்களின் கொள்ளளவு காகிதத்தில் 4.9 டன் என்று இருக்கிறது! உங்களுக்கு ஆறு டன் வரும் நாளும் உண்டு என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் ஆறு டன்னுக்கே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். உள்ளாட்சிதான் விண்ணப்பிக்க வேண்டும் என்றாலும், நடத்துபவர் என்ற முறையில் தேவையான அனுமதிகள் இருக்கின்றனவா என்று பார்ப்பது உங்கள் பொறுப்பு. நாளை பிரச்சினை என்றால் எடைமேடைச் சீட்டுகளே உங்களுக்கு எதிரான சாட்சி.

இடம் பற்றி ஒரு குழப்பம் எல்லோருக்கும் இருக்கிறது. ஆற்றிலிருந்து 100 மீட்டர், குளத்திலிருந்து 200 மீட்டர், குடியிருப்பு, நெடுஞ்சாலை, குடிநீர்க் கிணறு ஆகியவற்றிலிருந்து 200 மீட்டர் என்று ஒரு கணக்கைச் சொல்லி உங்களைப் பயமுறுத்துவார்கள். அது குப்பையைப் புதைக்கும் நிலத்துக்கான கணக்கு, உரக்கூடத்துக்கானது அல்ல. ஆனாலும் கிணறு பக்கத்தில் இருந்தால் அந்தக் கணக்கை மதிப்பதே நல்லது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதையும் பாருங்கள். கூடத்தின் எல்லையில், காற்று வெளியேறும் திசையில் நின்று நாற்றத்தைத் தவறாமல் சோதிக்க வேண்டும் என்பதே ஒரு விதி. அதற்குக் கருவி வேண்டாம். தினமும் ஒரு மூக்கு போதும். அது கூடத்துக்குள்ளேயே இருந்து பழகிய மூக்காக இருக்கக் கூடாது.

இனி முக்கியமான விஷயம், வாசல்.

உரத்துக்கான தர அளவுகள் 2016 விதிகளின் இரண்டாம் அட்டவணையில் இருக்கின்றன. கிலோவுக்கு மில்லிகிராம் கணக்கில் ஈயம் 100, காட்மியம் 5, நிக்கல் 50, ஆர்சனிக் 10, பாதரசம் 0.15. இவற்றைத் தாண்டினால் அந்த உரத்தை உணவுப் பயிருக்குப் போடக் கூடாது. பாதரசத்தை மட்டும் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு டன் உரத்தில் 150 மில்லிகிராம்வரை இருக்கலாம். பழைய காய்ச்சல் தெர்மாமீட்டர் ஒன்றில் அரை கிராமாவது பாதரசம் இருக்கும். உடைந்த ஒரே ஒரு தெர்மாமீட்டர் மூன்று டன் உரத்தை விதிக்கு வெளியே தள்ளிவிடும். அது கலந்த பிறகு எந்தச் சல்லடையாலும் பிரிக்க முடியாது. பிளாஸ்டிக் கவரைப் பொறுக்கலாம், செருப்பை எடுக்கலாம். பேட்டரி கசிந்தபின் அதை எங்கிருந்து எடுப்பது?

அதனால் கூடத்தில் மிகக் கெட்டிக்காரரான ஆளை வாசலில் நிறுத்துங்கள். பொதுவாக வயதானவர், வேறு வேலைக்கு ஆகாதவர் என்று பார்த்து வாசலில் உட்காரவைப்பார்கள். தப்பு. வண்டி வந்ததும் எடை போட்டு, தளத்தில் ஒரு முழ உயரத்துக்குப் பரப்பி, பார்த்த பிறகுதான் உள்ளே விட வேண்டும். மூட்டையாகக் கட்டி வருவதைக் கட்டோடு குவியலில் போடவே கூடாது. நாப்கினும் ஊசியும் அந்த மூட்டைக்குள்தான் இருக்கும்.

எதைத் திருப்பி அனுப்புவது? கலப்படக் குப்பை, கோழிக்கடைக் கழிவு, கட்டட இடிபாடு, தெருப் பெருக்கலில் வரும் மண், கழிவுநீர்த் தொட்டிச் சேறு. ஹோட்டல் எச்சிலையோடு ஒன்றிரண்டு எலும்பு வந்தால் குவியலின் நடுவில் புதைத்துச் சமாளிக்கலாம். கோழிக் கழிவு டின் டின்னாக வந்தால் அது வேறு தொழில், வேறு இடம். இளநீர் மட்டையை உடைக்கும் இயந்திரம் இல்லாமல் வாங்காதீர்கள். முழு மட்டை ஆறு மாதமானாலும் அப்படியேதான் கிடக்கும், அதற்குள் நிற்கும் தண்ணீரில் கொசு வளரும். கோவில் பூமாலை நல்ல சரக்குதான், ஆனால் நைலான் நூலும் ஜிகினாவும் இல்லாமல் வர வேண்டும். ஆயுத பூஜைக்கு மறுநாள் பூசணிக்காயும் வாழைக்கன்றும் வழக்கத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு வந்து இறங்கும். அந்த வாரத்துக்கு முன்பே உலர்ந்த இலையைச் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். வாழைத்தண்டு பெரும்பகுதி தண்ணீர், வெட்டிப் போட்டால் குளமாகிவிடும்.

கல்யாண மண்டபமும் பெரிய ஹோட்டலும் உங்கள் கூடத்தை இலவசக் குப்பைத்தொட்டி ஆக்கப் பார்க்கும். புதிய விதிகள்படி நாளொன்றுக்கு 100 கிலோ அல்லது அதற்கு மேல் குப்பை தரும் இடமோ, 20,000 சதுர மீட்டர் தளப்பரப்பு உள்ள இடமோ, தினமும் 40,000 லிட்டர் தண்ணீர் செலவாகும் இடமோ மொத்தக் கழிவு உற்பத்தியாளர் என்ற கணக்கில் வரும். தங்கள் ஈரக் குப்பையை முடிந்தவரை தங்கள் இடத்திலேயே பதப்படுத்துவது அவர்கள் கடமை. உங்களிடம் தருகிறார்கள் என்றால் எழுத்தில் ஒப்பந்தமும் டன்னுக்கு இவ்வளவு என்ற கட்டணமும் இருக்கட்டும்.

சரி, உள்ளே போவோம். தளம். குவியல் போடும் இடம் தண்ணீர் இறங்காததாக இருக்க வேண்டும். ஒன்று கான்கிரீட், இல்லையென்றால் 50 சென்டிமீட்டர் தடிமனுக்கு இறுக்கிய களிமண். அந்தக் களிமண்ணில் நீர் இறங்கும் வேகம் நொடிக்கு ஒரு கோடியில் ஒரு பங்கு சென்டிமீட்டருக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்கிறது விதி. கேட்கப் பயமாக இருக்கும். வருடத்துக்கு மூன்று சென்டிமீட்டர் என்று மாற்றிச் சொன்னால் மேஸ்திரிக்கும் புரியும். உங்கள் தளம் பாதி உடைந்திருப்பதால் களிமண் யோசனையை விட்டுவிடுங்கள். ஜேசிபி வாளி வாரத்தில் ஒரு நாள் உரசினால் களிமண் தளம் ஒரு வருடம் தாங்காது. கான்கிரீட்டே போடச் சொல்லுங்கள், பேரூராட்சியின் செலவில். சரிவு நூற்றுக்கு ஒன்றிலிருந்து இரண்டு, அதாவது பத்து மீட்டருக்குப் பத்து முதல் இருபது சென்டிமீட்டர். சுற்றிலும் பூசிய வாய்க்கால், அது போய்ச் சேரும் கசிவுநீர்த் தொட்டி. குவியலின் நீளவாக்கைச் சரிவின் திசையிலேயே வையுங்கள். குறுக்கே வைத்தால் ஒவ்வொரு குவியலும் அணைபோல நின்று தண்ணீரைத் தேக்கும்.

எவ்வளவு இடம் வேண்டும் என்று ஒரு கணக்குப் போடலாம். 5 டன் ஈரக் குப்பை சுமார் 10 கன மீட்டர் வரும். உலர்ந்த இலை சேர்த்தால் 12. அடியில் 3 மீட்டர் அகலம், உச்சி ஒன்றரை மீட்டர் உயரம் என்று நீளவாக்கில் வரிசைக் குவியல் போட்டால் தினமும் 4 மீட்டர் நீளும். குவியல் சூடேறி வேகும் சூட்டுக்கட்டம் முப்பத்தைந்து நாள் என்றால் 140 மீட்டர். வற்ற வற்ற இரண்டு வரிசைகளை ஒன்றாக்கினாலும் 100 மீட்டருக்குக் கீழே போகாது. வண்டி போக 3 மீட்டர் சந்து விட்டால் மொத்தம் 600 சதுர மீட்டர், ஏறக்குறைய 15 சென்ட். அதற்கப்புறம் ஆறவிட்டு முதிரவைக்க ஒரு மாதத்துக்கு இடம், சல்லடை, மூட்டை அடுக்கும் கொட்டகை, வண்டி பரப்பிப் பார்க்கும் தளம் என்று எல்லாம் சேர்ந்து 45 சென்ட் ஆகும். ஒன்றே கால் ஏக்கரில் இது தாராளம். இடம் தாராளமாக இருக்கும் கூடத்தில்தான் கண்டதையும் ஓரமாகப் போட்டுவைக்கும் பழக்கம் வரும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த 15 சென்ட்டுக்குக் கூரை போடாமல் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். வந்த குப்பையைச் சேர்த்துவைக்கும் இடம் முடிந்தவரை கூரைக்குக் கீழே இருக்க வேண்டும் என்றுதான் விதி சொல்கிறது, குவியல் தளத்துக்குக் கூரையைக் கட்டாயமாக்கவில்லை. ஆனால் இந்த விதியை எழுதியவர் ஐப்பசி கார்த்திகையில் நம் ஊரில் உரக்கூடம் நடத்தியவராக இருக்க முடியாது. 600 சதுர மீட்டரில் ஒரே நாள் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் 60,000 லிட்டர் தண்ணீர். அது குவியலில் இறங்கி வெளியே வரும்போது மழைநீராக இருக்காது, கறுத்த சாறாக இருக்கும். அதை எந்தத் தொட்டியில் பிடிப்பீர்கள்? கசிவுநீரைக் கூடத்திலேயே திரும்பப் பயன்படுத்தி ஈரத்தைக் காக்க வேண்டும் என்பது விதி. சித்திரையில் அது வரம், குவியலே தண்ணீர் கேட்கும். நவம்பரில் அதே விதியை நிறைவேற்றவே முடியாது. கூரை இருந்தால் இரண்டு காலத்திலும் அந்தச் சிக்கல் இல்லை.

கசிவுநீரைத் தெளிப்பதில் விதிப்புத்தகத்தில் இல்லாத ஒரு கட்டுப்பாடு உண்டு. புதிதாகப் போட்ட, இனிமேல் சூடேறப் போகிற குவியலில் மட்டும் தெளியுங்கள். சூட்டுக்கட்டம் முடிந்து ஆறிக்கொண்டிருக்கும் குவியலில் தெளித்தால், இத்தனை நாள் வெந்து செத்த கிருமிகளை நீங்களே திரும்பக் கொண்டுபோய் விதைக்கிறீர்கள். உரத்தில் நோய்க்கிருமி அறவே இருக்கக் கூடாது என்கிறது உரக் கட்டுப்பாட்டு ஆணை.

குவியல் வேலை பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். கார்பனும் நைட்ரஜனும் 25-க்கு 1 முதல் 30-க்கு 1 வரை இருக்க வேண்டும். காய்கறிக் கழிவில் நைட்ரஜன் அதிகம், காய்ந்த இலையிலும் தென்னை நார்க்கழிவிலும் கார்பன் அதிகம். பச்சை ஒரு கூடை, காய்ந்தது அரைக் கூடை என்று ஆரம்பித்து மூக்கைக் கேட்டுக் கூட்டிக் குறையுங்கள். கண்ணெரியும் நெடி வந்தால் நைட்ரஜன் கூடிவிட்டது, இலை போடுங்கள். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் உள்ளே காற்று இல்லை, புரட்டுங்கள். ஈரம் 50 முதல் 60 சதவீதம். கையில் அள்ளி இறுக்கிப் பிழிந்தால் விரலிடுக்கில் ஓரிரு சொட்டு எட்டிப்பார்க்க வேண்டும், ஒழுகக் கூடாது. இந்தூரில் ஆல்பர்ட் ஹோவர்டு 1920-களில் இந்த அடுக்கு முறையை வகுத்தபோது நம் நாட்டு விவசாயிகளின் எருக்குழிப் பழக்கத்தையும் பார்த்தே செய்தார். தாத்தாவின் எருக்குழி நினைவிருப்பவருக்கு இதில் பாதி புதிது இல்லை.

வெப்பத்தில் மட்டும் கறாராக இருங்கள். அமெரிக்காவில் கழிவுநீர்ச் சேற்றை உரமாக்கும்போது, வரிசைக் குவியலில் 55 டிகிரிக்குக் குறையாமல் 15 நாள், அதற்குள் ஐந்து முறை புரட்டல் என்று கட்டாயம் வைத்திருக்கிறார்கள். காய்கறிக் குப்பைக்கு அந்தச் சட்டம் நம்மைக் கட்டாது, ஆனால் கையில் வைத்துக்கொள்ள நல்ல அளவுகோல். ஐந்து புரட்டல் எதற்கு? குவியலின் நடு வெந்தாலும் தோல் குளிர்ச்சியாகவே இருக்கும், ஈ முட்டையிடுவது அங்கேதான். வெயில் காலத்தில் முட்டை ஈயாகப் பத்து நாள்கூட ஆகாது. அதற்குள் வெளியில் இருப்பது உள்ளே போக வேண்டும். ஜேசிபிக்காரர் அள்ளி அதே இடத்தில் கவிழ்த்துவிட்டு "புரட்டியாச்சு" என்பார். பக்கத்தில் நின்று, மேல்தோல் அடியில் போகிறதா என்று பாருங்கள். புதுக் குவியல் மேல் பழைய உரத்தை அரையடி கனத்துக்குப் போர்த்திவிடுங்கள். நாற்றத்துக்கு நான் கண்ட மலிவான மருந்து இதுதான். வாசனைத் திரவம் விற்க வருபவரிடம் காசைக் கொடுக்காதீர்கள்.

மூன்றடி நீளக் கம்பி வெப்பமானி வாங்கிக்கொள்ளுங்கள். அது உடைந்த நாளில் கடப்பாரையைச் செருகி ஐந்து நிமிடம் கழித்து உருவித் தொட்டுப் பாருங்கள். பிடிக்க முடியாமல் சுட்டால் வேலை நடக்கிறது. 70-ஐத் தாண்டினால் மகிழ வேண்டாம். வேலை செய்யும் நுண்ணுயிர்களே சாகத் தொடங்கும், காய்ந்த குவியலாக இருந்தால் உள்ளே நெருப்புக் கனலவும் கூடும்.

இப்போது எனக்கு நேர்ந்த ஒன்று. பல வருடங்களுக்கு முன், நான் மேற்பார்த்த கூடத்தில் நவம்பர் மழைக்கு நடுவே ஜேசிபியின் ஹைட்ராலிக் பம்ப் போய்விட்டது. மெக்கானிக் இரண்டு நாள் என்றார், ஒன்பது நாள் ஆனது. நான் வண்டிகளை நிறுத்தவில்லை. நிறுத்தினால் பேரூராட்சியில் ஏன் என்று கேட்பார்கள், பில் குறையும், இரண்டு நாள்தானே என்று ஒரு நினைப்பு. ஒன்பது நாளில் நாற்பது டன்னுக்கு மேல் ஒரே மலையாகக் குவிந்தது. பத்தாம் நாள் வண்டி சரியாகி அந்த மலையைத் திறந்தபோது கிளம்பிய நாற்றம் இருக்கிறதே, அரை மைல் தள்ளி இருந்த பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பினார்கள். மத்தியானம் கூடத்தின் கேட்டுக்கு வெளியே வேறு பூட்டு தொங்கியது. பூட்டியது ஊர்க்காரர்கள். திறக்க இருபது நாளும் மூன்று பஞ்சாயத்துகளும் ஆயின.

இயந்திரம் பழுதானால் குப்பை வாங்குவதை நிறுத்த வேண்டும், தற்காலிக மாற்று இடத்துக்குத் திருப்பிவிட வேண்டும், சரியானதும் அங்கிருந்து கொண்டுவந்து பதப்படுத்த வேண்டும் என்று இரண்டாம் அட்டவணையில் நேராகவே எழுதியிருக்கிறது. நான் அதைப் படிக்காதவன் அல்ல. அடிக்கோடு போட்டுப் படித்தவன். மாற்று இடம் எது என்று முன்கூட்டியே யாரும் முடிவு செய்து வைக்காததால் அந்த விதி என் கையில் வெறும் வாக்கியமாக இருந்தது. நீங்கள் ஒப்பந்தத்திலேயே மாற்று இடத்தின் சர்வே எண்ணைப் போடச் சொல்லுங்கள். கூடவே ஒரு வாரத்துக்கு வேண்டிய காய்ந்த இலை எப்போதும் கொட்டகையில் இருக்கட்டும். ஜேசிபி இல்லாத நாளில் ஆட்களை வைத்துச் சின்னச் சின்னக் குவியலாகப் போட்டு இலையைக் கலந்தாலே நாற்றம் பாதி அடங்கிவிடும்.

சல்லடையில் ஒதுங்கும் கழிவு அடுத்த தலைவலி. பதப்படுத்தும் முன்னும் பின்னும் ஒதுங்குவதைத் தவறாமல் அப்புறப்படுத்த வேண்டும், கூடத்தில் குவிய விடக் கூடாது. மறுசுழற்சிக்கு ஆவது வியாபாரிக்கு, எரிதிறன் உள்ள பிளாஸ்டிக் சிமெண்ட் ஆலைக்கு, மிச்சம் மட்டும் புதைநிலத்துக்கு. இதைச் செய்யாத கூடத்தின் பின்புறம் மூன்று வருடத்தில் சின்னக் குப்பைக்கிடங்கு ஆகிவிடும், ஒரு கோடையில் அதில் தீப்பிடிக்கும். 2022-ல் பெருங்குடியிலும் 2024-ல் வெள்ளலூரிலும் நாள்கணக்கில் புகைந்ததைப் பார்த்தோம். அவை பெரிய கிடங்குகள். சின்னதிலும் கதை அதேதான், தீயணைப்பு வண்டி மட்டும் குறைவாக வரும். வரும் எடையில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் ஒதுக்கலாகப் போகிறது என்றால் சல்லடையைத் திட்டாதீர்கள், வாசலில் போய் நில்லுங்கள்.

வேலை செய்பவர்களுக்குச் சீருடை, ஒளிரும் மேலங்கி, கையுறை, மழைக்கோட்டு, பூட்ஸ், முகக்கவசம் தர வேண்டும் என்று விதியிலேயே பட்டியல் இருக்கிறது. கொடுத்துப் படம் எடுத்து அனுப்பிவிட்டு அலமாரியில் பூட்டிவைப்பதையும் பார்த்திருக்கிறேன். சல்லடை ஓடும்போது முகக்கவசம் இல்லாமல் யாரையும் நிறுத்தாதீர்கள், அந்தத் தூசியில் பூஞ்சை விதைகள் பறக்கும். டெட்டனஸ் ஊசி எல்லோருக்கும் போடுங்கள். முதிர்ந்த குவியலின் வெதுவெதுப்புக்குப் பாம்பு வரும், முட்டையும் வைக்கும். காலையில் முதல் வாளி போடும் முன் குச்சியால் தட்டிச் சத்தம் எழுப்பும் பழக்கம் வேண்டும். இது எந்த விதியிலும் இல்லை.

உரம் ஆனபின் சோதனை. கறுப்பு அல்லது கரும்பழுப்பு நிறம், கெட்ட வாடை கூடாது, ஈரம் 15 முதல் 25 சதவீதம், நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு 4 மில்லிமீட்டர் சல்லடையில் விழ வேண்டும், கார்பன் நைட்ரஜன் விகிதம் 20-க்குக் கீழே, கார அமிலத்தன்மை (pH) 6.5 முதல் 7.5, உப்புத்தன்மையைக் காட்டும் மின்கடத்துதிறன் 4 dS/m-க்கு மேல் போகக் கூடாது. கடைசியில் சொன்னதில்தான் நம் ஊர் உரங்கள் தடுமாறும். ஹோட்டல் சாம்பாரும் ஊறுகாயும் கூடுதலாக வந்தால் உப்பு ஏறிவிடும். கசிவுநீரையே திரும்பத் திரும்பத் தெளித்தாலும் ஏறும். பரிசோதனைக்கு அனுப்பும்போது நல்ல மூட்டையாகப் பார்த்து எடுக்காதீர்கள். பத்து இடத்தில் அள்ளிக் கலந்து, நாலாகப் பிரித்து எதிரெதிர் பங்கை எடுத்து, மறுபடி கலந்து அனுப்புங்கள். ஏமாற்றினால் ஏமாறுவது நீங்கள்தான், விவசாயி இரண்டாம் முறை வாங்க மாட்டார்.

இலவசமாகக் கொடுத்தாலும் தரம் தரம்தான். விற்பதாக இருந்தால் 1985-ம் வருட உரக் கட்டுப்பாட்டு ஆணை குறுக்கே வரும். இயற்கை உரம் தயாரித்து வியாபாரம் செய்ய வேளாண்மைத் துறையின் தயாரிப்புச் சான்று வேண்டும். அது கைக்கு வரும்வரை மூட்டையில் பெயர் அச்சடிக்காதீர்கள். 2016-ல் நகர உரத்துக்கு டன்னுக்கு 1,500 ரூபாய் சந்தை உதவி என்று மத்திய அரசு அறிவித்தபோது பலர் அதை நம்பி வரவுசெலவு போட்டார்கள். நான் அப்படிப் போட மாட்டேன். 5 டன் ஈரக் குப்பையில் ஒரு டன் உரம் வந்தாலே நல்ல கூடம். அந்த ஒரு டன்னை விற்று ஏழெட்டுப் பேருக்குச் சம்பளம் கொடுக்க முடியாது. கூடத்தை ஓட்டுவது டன்னுக்கு இவ்வளவு என்று பேரூராட்சி தரும் பதப்படுத்தும் கட்டணம். உர விற்பனையை டீசல் செலவுக்கு ஆகும் காசாக வைத்துக்கொள்ளுங்கள்.

பதிவேடு ஒன்று போதும், ஆனால் தினமும் எழுதப்பட வேண்டும். வந்த எடை, திருப்பி அனுப்பிய வண்டியின் எண்ணும் காரணமும், குவியல் எண், போட்ட தேதி, மூன்று இடத்தில் வெப்பம், புரட்டிய தேதி, ஒதுக்கல் எவ்வளவு எங்கே போனது, உரம் எவ்வளவு யாருக்கு. 2016 விதிகள்படி நடத்துபவர் ஏப்ரல் 30-க்குள் உள்ளாட்சிக்கு ஆண்டறிக்கை தர வேண்டியிருந்தது. விபத்து நடந்தால் அதற்குத் தனிப் படிவம். புதிய விதிகளில் பதிவும் அறிக்கையும் இணையதளம் வழியாகப் போகின்றன. எங்கே போனாலும் எண்கள் இந்த நோட்டிலிருந்துதான் வர வேண்டும். மார்ச் மாதம் உட்கார்ந்து ஒரே பேனாவில் 365 நாளும் எழுதிய நோட்டை அதிகாரி இரண்டாவது பக்கத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்.

ஒப்பந்தம் இன்னும் கையெழுத்தாகவில்லை என்பதால் கடைசியாக ஒன்று. கலப்படக் குப்பையைத் திருப்பி அனுப்ப உங்களுக்கு உரிமை உண்டு என்றும், திருப்பிய எடைக்கு அபராதம் கிடையாது என்றும் அதில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். செயல் அலுவலர் தயங்குவார், "அதெல்லாம் வாயால் பேசிக்கொள்ளலாம்" என்பார். கூரை, மாற்று இடம், இந்த ஒரு வரி ஆகிய மூன்றில் இரண்டு கிடைத்து இந்த வரி மட்டும் கிடைக்கவில்லை என்றால் நான் எடுக்க மாட்டேன்.